மானோஸ் கெல்லி: வெஸ்டர்னில் ஸ்பெயின்காரனுக்கு என்ன வேலை?

பழையபேப்பர்:
'மானோஸ் கெல்லி' ஒரு கவ்பாய் காமிக்ஸ்; அதன் ஹீரோ ஸ்பெயின்காரன் என்றதுமே எனக்கு ஒட்டவில்லை. ஸ்பெயின் ஓவியர் அன்டோனியோ ஹெர்னாண்டஸ் பலாசியோஸ் 1970-இல் அந்நாட்டு 'டிரிங்கா' இதழில் வரையத் தொடங்கிய தொடர். அந்த இதழை நடத்திய டோன்செல், ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ அரசின் இளைஞர் அமைப்போடு சேர்ந்த பதிப்பகம். அதே இதழில் பலாசியோஸ் ஸ்பெயினின் இடைக்கால வீரன் எல் சித்தின் கதையையும் வரைந்தார். 'நம்ம ஆள் அங்கேயும் இருந்தான்' என்று மார்தட்டத்தானே இதெல்லாம்?

சேணம்:
இதழ் யாருடையது என்பது சரி. ஆனால் கதை நடப்பது அமெரிக்க-மெக்சிகோ போருக்கு (1846-48) அப்புறம். இன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் சாந்தா ஃபே 1610 வாக்கில் ஸ்பானியர் அமைத்த ஊர். 1821 வரை அந்தப் பக்கம் பறந்தது அவர்கள் கொடிதான். லாசோ, ரோடியோ, ராஞ்ச், முஸ்டாங் எல்லாம் ஸ்பானிஷிலிருந்து போன சொற்கள். கவ்பாய்க்கு மாடு மடக்கக் கற்றுக்கொடுத்ததே வாக்கேரோதான், அதாவது ஸ்பானிஷ் பேசும் மாட்டுக்காரன். அங்கே ஸ்பானிஷ் பேசுகிறவன் நடமாடினால் என்ன தப்பு?

பழையபேப்பர்:
வாக்கேரோ மெக்சிகோக்காரன் ஐயா! போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் நிலத்தைப் பறிகொடுத்ததும் அவன் நாடுதான். ஹீரோ நாற்காலி மட்டும் ஸ்பெயினுக்கா?

சேணம்:
இந்த அடி சரியாக விழுந்தது. பதில் இல்லை.

மைப்புட்டி:
இரண்டு பேரும் படத்தைப் பார்த்தீர்களா, இல்லையா? வெயில் அடிக்கும் பாறையில் நிழலைக் கறுப்பாக நிரப்பாமல் ஊதாவைப் போடுகிறார். முகத்துச் சுருக்கம் முழுக்கப் பொடிப்பொடிக் கோடுகள். பக்கத்தைப் புரட்டவே மனசு வராது. ஸ்பெயின் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபேப்பர்:
எனக்கு அந்த வண்ணம் கண்ணைக் கரிக்கிறது. சரி, ரசனை அவரவருக்கு. ஆனால் இதே கைதான் 1974-இல் பிரெஞ்சு எழுத்தாளர் கூர்மெலனுடன் 'மக்காய்' தொடங்கியது. அதில் ஹீரோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் இருந்த அதிகாரி, ஸ்பெயின் வாடையே கிடையாது. இருபது ஆல்பம் தாண்டி ஓடியது. ஸ்பெயின் ஹீரோ ஒட்டாது என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சேணம்:
மக்காய்க்குப் பின்னால் டார்கோ மாதிரி பெரிய பதிப்பகம் இருந்தது. மானோஸ் கெல்லி வந்த டிரிங்காவோ 1973-லேயே மூடிவிட்டது. கடையே சாத்தியபின் சரக்கு விற்கவில்லை என்றால் எப்படி?