வெளுக்காத முத்து மங்குகிறது, புளி போடலாமா?

கிருஷ்ணகிரிக்காரி: பாட்டியின் தூத்துக்குடி முத்துமாலை. ப்ளீச், சாயம் எதுவும் ஏற்றாதது. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும்போதும் கழுத்தில்தான் கிடக்கும். இப்போது மங்கல். புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அத்தை. சரியா?

தருமபுரி நகைக்கடைப் பையன்: ஐயோ, வேண்டாம் அக்கா! முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, வியர்வைகூட அதை அரிக்கும். கரைந்த மேலடுக்கு திரும்ப வராது. மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், பற்பசையும் கூடாது. செண்ட் அடித்த பிறகுதான் மாலை. மண்டிக்கு அது எதற்கு?

ஓசூர் அண்ணி: பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி லாக்கரில் வைக்காதீர்கள், காய்ந்து வெடிக்கலாம். துணிப்பை போதும். அப்புறம், முத்துகளுக்கு நடுவே முடிச்சு உண்டா?

கிருஷ்ணகிரிக்காரி: இல்லை அண்ணி. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுவிட்டது. நூல் அறுந்து ஒன்று உருண்டு போனால் இன்னொன்றுக்கு எங்கே போவேன்? பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோக்கக் கொடுக்கிறேன்.