புது மெக்கானிக்கல் கீபோர்டு, ஏ கீ சரியா விழல. சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும், உதவி பண்ணுங்க

காசிமேடு_21 (வியாழன், இரவு 11:38)
அவசரம். ஒயர் வச்ச மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி நாலு நாள் ஆகுது. ஏ அடிச்சா சில நேரம் விழவே மாட்டேங்குது, சில நேரம் ரெண்டா விழுது. ஏழு நாளைக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தரேன்னு கடைக்காரர் சொன்னார். நான் வாங்கின ரிட்சி தெருவுல ஞாயித்துக்கிழமை முக்கால்வாசி கடை மூடியிருக்கும், அதனால சனிதான் கடைசி. ஞாயித்துக்கிழமை மேட்ச் வேற இருக்கு. இது கேமுக்குத் தேறுமா தேறாதா? யாராச்சும் சொல்லுங்க.

பெரம்பூர்_ப்ளக்பாயின்ட் (வியாழன், இரவு 11:51)
என்ன கீபோர்டு, கீக்கு அடியில என்ன சுவிட்ச், எந்த கேம், விண்டோஸா வேறயா? கேபினட்ல முன்பக்க போர்ட்டுல குத்தியிருக்கியா, பின்பக்கமா? நடுவுல யுஎஸ்பி ஹப் இருக்கா? எதுவுமே சொல்லலியேப்பா.

ஃப்ரேம்ரேட் (வெள்ளி, காலை 12:04)
போலிங் ரேட் எவ்வளவு போட்டிருக்கு ப்ரோ? 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் கம்ப்யூட்டர் கீபோர்டைக் கேக்கும். 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லி செகண்ட். கேமுக்கு 1000 கட்டாயம். எனக்கென்னவோ அதுதான் பிரச்சனைன்னு தோணுது.

காசிமேடு_21 (வெள்ளி, காலை 12:20)
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். 87 கீ, நம்பர் பேட் கிடையாது. பெட்டியில கம்பெனி பேர்னு ஒண்ணும் இல்ல, 'ஹாட் ஸ்வாப், ரெட் லீனியர், 1000 ஹெர்ட்ஸ்'னு மட்டும் போட்டிருக்கு. அதாவது சுவிட்சைக் கையாலயே கழட்டி மாட்டலாம், கீ டிக் சத்தம் இல்லாம நேரா இறங்கும். 2,600 ரூபா. விண்டோஸ் 11, கேம் சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, துப்பாக்கிச் சண்டை கேம்). பின்பக்க போர்ட்டுலயும் மாத்திப் பாத்தேன், அப்படியேதான் இருக்கு.
ப்ளூ சுவிட்ச்தான் ஆசை. அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு மீன்பிடி போட்டுக்குப் போவாரு, ஒம்போது மணிக்கே படுத்துடுவாரு, எங்களுக்கு ஒரே ரூம். அந்த டிக் டிக் சத்தத்துல அவரு எப்படித் தூங்குவாரு? அதான் ரெட் எடுத்தேன்.
இன்னொண்ணு, வெறுங்காலோட கேபினட்டைத் தொட்டா லேசா சுள்ளுன்னு இருக்கும். அது ரொம்ப நாளாவே அப்படித்தான்.

பெரம்பூர்_ப்ளக்பாயின்ட் (வெள்ளி, காலை 12:27)
அதான் விஷயம்! உன் ப்ளக் பாயின்ட்டுல எர்த் இல்ல. எஸ்எம்பிஎஸ், அதான் கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி, அதுக்குள்ள லைன்லேருந்தும் நியூட்ரல்லேருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பான். எர்த் இருந்தா அந்தக் கசிவு அதுவழியா போயிடும். இல்லேன்னா கேபினட் பாடி பாதி வோல்டேஜ்ல மிதக்கும், தொட்டா சுள்ளுங்கும். நான் இருபது வருஷமா ஒயரிங் பண்றவன், பழைய வீடுகள்ல மூணு ஓட்டை ப்ளக்கு இருக்கும், பின்னாடி மூணாவது ஒயரே இருக்காது. முதல்ல அதைச் சரி பண்ணு, கீ தானா சரியாகும்.

எண்ணூர்_உப்புக்காத்து (வெள்ளி, காலை 6:10)
காசிமேடுன்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உப்புக் காத்துதான். என் பழைய கீபோர்டுல ரெண்டு வருஷத்துலயே 'எஸ்' ரெண்டு ரெண்டா விழ ஆரம்பிச்சுது. சுவிட்சைப் பிரிச்சுப் பாத்தா உள்ள இருக்கிற செம்புத் தகடு ஓரத்துல பச்சை பூத்திருந்துது, பழைய விளக்கோட அடியில பிடிக்குமே அதே பச்சை. நீ ஜன்னலோரமா வச்சிருக்கியா? ஆப்டிகல் சுவிட்சோ மேக்னட் சுவிட்சோ வாங்கியிருக்கணும். அதுல உலோகம் உலோகத்தைத் தொடுற வேலையே கிடையாது. ஒண்ணு வெளிச்சத்தை மறைக்கும், இன்னொண்ணு காந்தம் எவ்வளவு கிட்ட வருதுன்னு அளக்கும்.

பெரம்பூர்_ப்ளக்பாயின்ட் (வெள்ளி, காலை 7:02)
நாலு நாள்லயா செம்பு பச்சை பூக்கும்?

எண்ணூர்_உப்புக்காத்து (வெள்ளி, காலை 7:05)
கடையில எத்தனை மாசம் கிடந்துதுன்னு யாருக்குத் தெரியும்?

விசைவாத்தியார் (வெள்ளி, காலை 8:45)
தம்பி, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதை வாங்கிய பின் கேட்கிறீர்கள். இங்கே நான் இதைப் பலமுறை விளக்கிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.
செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ரெட் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு: 45 சென்டிநியூட்டன் (ஏறக்குறைய 46 கிராம் எடை) அழுத்தம், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவு, மொத்தம் 4 மில்லிமீட்டர் பயணம். காப்புரிமைக் காலம் முடிந்த பின் யார் வேண்டுமானாலும் அதே வடிவில் செய்யலாம். இப்போது 'ரெட்' என்பது வெறும் நிறம். பெட்டியில் ரெட் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒன்றும் உறுதியாகிவிடாது.
இரட்டையாக விழுவதற்குப் பெயர் சாட்டர். தகடு தகட்டைத் தொடும்போது ஒரே அடியில் நின்றுவிடாது, சில மில்லி வினாடிகள் துள்ளும். விசைப்பலகைக்குள் இருக்கும் மென்பொருள் பொதுவாக 5 மில்லி வினாடி அளவுக்குப் பொறுத்திருந்து அதை ஒரே அடியாக எண்ணும். துள்ளல் அதைவிட நீண்டால் இரண்டாக விழும். போலிங் ரேட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைச் சொன்னவர் முதலில் பாடத்தைப் படிக்க வேண்டும்.

ஃப்ரேம்ரேட் (வெள்ளி, காலை 9:12)
படிச்சுட்டுத்தான் சார் பேசுறேன். சாட்டர் இல்லாம விழாமப் போறதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே?
காசிமேடு ப்ரோ, பேசாம இதைக் கொடுத்துட்டு ஸ்னாப் டேப் இருக்கிற கீபோர்டா எடுங்க. இடது பக்கம் நகர ஏ அமுக்கிட்டு இருக்கும்போதே வலது பக்கத்துக்கு டி அமுக்கினா, ஏ-வை அதுவே விட்டுடும். சிஎஸ்ல நின்னு சுடுறதுக்கு அதை அடிச்சுக்க ஒண்ணு கிடையாது.

வியாசை_ஸ்ட்ரைக்கர் (வெள்ளி, காலை 9:30)
தப்பான வழி காட்டாதீங்க. சிஎஸ் 2 கம்பெனி வால்வ் 2024 ஆகஸ்ட்லயே சொல்லிட்டான். அந்த மாதிரி ஆட்டோமேட்டிக்கா பண்றதைக் கண்டுபிடிச்சா அவங்க சர்வர்ல மேட்ச்லேருந்து வெளிய தூக்கிடுவாங்க. பையன் ஞாயித்துக்கிழமை மேட்ச்னு சொல்றான்.

ஃப்ரேம்ரேட் (வெள்ளி, காலை 9:34)
எல்லா கேம்லயும் தடை இல்லியே. காசு கொடுத்து வாங்கின பொருள், அதுல இருக்கிற வசதி.

வியாசை_ஸ்ட்ரைக்கர் (வெள்ளி, காலை 9:41)
அவன் ஆடுறது சிஎஸ் 2. கேரம்ல ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னா கூடாதுதான், என் காசுல வாங்கினதுன்னு சொல்லி 20 கிராம் வச்சு ஆட முடியுமா? விரலை நிறுத்தத் தெரியணும், அதுதான் ஆட்டம். எங்க தெருவுல ஆறு வயசுப் பையனுக்கும் இது தெரியும்.
ப்ரோ, ஸ்ட்ரைக்கர்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. வாத்தியார் சொன்ன 45-ஐ வீட்டுலயே பாக்கலாம். கீ மேல சின்ன ரப்பர் துண்டு வச்சு, அதுமேல ஸ்ட்ரைக்கரை ஒண்ணு ஒண்ணா அடுக்குங்க. மூணு வச்சா கிட்டத்தட்ட 45 கிராம். ஏ-க்கும் டி-க்கும் அதே இடத்துல எழுத்து விழுதான்னு பாருங்க. துல்லியமா இருக்காது, ஆனா ஒண்ணு ரொம்ப இறுக்கமா இருந்தா தெரிஞ்சுடும்.

பெரம்பூர்_ப்ளக்பாயின்ட் (வெள்ளி, காலை 10:15)
ஃபில்டர் கீஸ் ஆன் ஆயிருக்கான்னும் செட்டிங்ஸ்ல பாரு. வலது ஷிஃப்ட்டை 8 செகண்ட் அமுக்கிட்டே இருந்தா அது ஆன் பண்ணட்டுமான்னு கேக்கும், தெரியாம சரின்னு கொடுத்திருப்பே. வேகமா அடிக்கிற கீயை எல்லாம் அது கணக்குல எடுக்காது. ஆனா நான் சொன்ன எர்த்தை மறந்துடாதே.

மின்ட்தெரு_டிடிபி (வெள்ளி, மதியம் 2:05)
ஃபில்டர் கீஸா இருந்தா எல்லா கீயும் விழாது தம்பி. உங்களுக்கு ஏ மட்டும்தானே? எர்த்தும் அப்படித்தான், ஒரே ஒரு கீயை மட்டும் தேடி வந்து பிடிக்காது. ஒரு கீ மட்டும்னா கோளாறு அந்தக் கீயோட இடத்துலதான் இருக்கு. சுவிட்ச், அதுக்கடியில சாக்கெட், அதுக்கடியில சர்க்யூட் போர்டு. மூணுல எதுன்னு பிரிச்சுப் பாருங்க.
நான் நாள் முழுக்க தமிழ்99 கீபோர்டு முறையில தமிழ் அடிக்கிறவ. அதுல புள்ளி வர்றது எஃப் கீயில. போன வருஷம் என்னோடது இதே மாதிரி விழாமப் போச்சு. ஒரு கல்யாணப் பத்திரிகையில 'மணமக்கள்' அடிச்சிருந்தேன், ப்ரூஃப்ல பாத்தா 'மணமக்கள' ன்னு நிக்குது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சு. அன்னிக்குக் கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.
பெட்டியில கம்பி வளைச்ச மாதிரி ஒரு புல்லர் இருக்கும். ஒயரைப் பிடுங்கிட்டு, ஏ-வோட மூடியை எடுங்க. சுவிட்சுக்கு மேலயும் கீழயும் இருக்கிற காதை அமுக்கி, ஆட்டாம நேரா மேல தூக்குங்க. எல் சுவிட்சையும் அதே மாதிரி எடுங்க. ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு, நோட்பேடுல ஒவ்வொண்ணையும் 50 தடவை எண்ணி அடிங்க. கோளாறு எல்-க்குப் போயிட்டா சுவிட்ச்தான் கெட்டது. ஏ-லயே நின்னா சாக்கெட்டோ போர்டோ. போர்டுன்னா யோசிக்கவே வேண்டாம், நாளைக்கே மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கி கடைக்குப் போயிடுங்க.
மாத்துறதுக்கு முன்னாடி சுவிட்சைத் திருப்பி அடியைப் பாருங்க. மெல்லிசா ரெண்டு செம்புக் கால் இருக்கும். ரெண்டும் நேரா நிக்குதா?
சுவிட்சைக் கழட்டினா மாத்தித் தருவாங்களான்னு கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுச் செய்யுங்க.

விசைவாத்தியார் (வெள்ளி, மதியம் 2:40)
அம்மையார் சொல்வது சரியே. ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. திரும்பச் செருகும்போது சாய்த்து அழுத்தினால் கால் மடங்கும், மேலும் அடியில் தாங்கல் இல்லாத மலிவான பலகையில் சாக்கெட்டே பற்றவைப்பிலிருந்து பெயர்ந்துவிடும். நேராக வைத்து, இரு கட்டைவிரலாலும் சமமாக அழுத்த வேண்டும்.
கேமுக்குத் தேறுமா என்று கேட்டீர்கள், அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. டபிள்யூ, ஏ, ஷிஃப்ட், ஸ்பேஸ் நான்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆர், ஈ, 1, 2 ஒவ்வொன்றாக அடியுங்கள். எல்லாம் பதிவாக வேண்டும். விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் இருக்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) இல்லாவிட்டால், செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தும்போது நான்காவதும் அழுத்தப்பட்டதுபோலத் தெரியும். அதைத் தவிர்க்க மலிவான பலகைகள் மூன்றாவது விசையையே விழுங்கிவிடும். இந்தச் சோதனையில் தோற்றால் சுவிட்சை மாற்றிப் பயனில்லை, திருப்பிக் கொடுங்கள்.

ஃப்ரேம்ரேட் (வெள்ளி, மதியம் 3:02)
இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே சார். நல்ல டெஸ்ட்.

எண்ணூர்_உப்புக்காத்து (வெள்ளி, மாலை 6:20)
எது எப்படியோ, ராத்திரி ஆடி முடிச்சதும் மேல ஒரு துணி போட்டு மூடி வை தம்பி. நம்ம பக்கத்துக்கு அது வேணும்.

காசிமேடு_21 (சனி, காலை 1:15)
கடையில கழட்டிக்கோன்னு சொன்னாங்க. அக்கா சொன்ன மாதிரி திருப்பிப் பாத்தேன். ஒரு கால் அடியோட மடங்கி, சுவிட்சோட பிளாஸ்டிக்கோட ஒட்டிக் கிடந்துச்சு, அரிசியை விடச் சின்னது. டார்ச் அடிச்சாத்தான் தெரியுது. சாக்கெட்டுக்குள்ள போகாம மேல உரசிட்டே இருந்திருக்கு. அம்மாவோட புருவம் எடுக்கிற சாமணத்தால நேராக்கிப் போட்டேன். 200 தடவை அடிச்சேன், 200-ம் விழுந்துச்சு. வாத்தியார் சார் டெஸ்ட்டும் பாத்தேன், எட்டும் வந்துச்சு. அப்பா கிளம்புற நேரம், லைட்டை அணைக்கணும். ரொம்ப நன்றிக்கா.

மின்ட்தெரு_டிடிபி (சனி, காலை 9:10)
சந்தோஷம் தம்பி. ஒரு தடவை மடங்கின கால் இன்னொரு தடவை மடங்கினா ஒடிஞ்சுடும், இனிமே அந்தச் சுவிட்சைக் கழட்டாதீங்க. இன்னிக்குக் கடைக்குப் போனா ரெண்டு சுவிட்ச் உபரியாக் கேட்டு வாங்கிக்கோங்க.

விசைவாத்தியார் (சனி, காலை 11:30)
வைத்துக்கொள்கிறீர்களா, திருப்புகிறீர்களா? பின்னால் தேடி வருபவர்களுக்குப் பயன்படும், எழுதுங்கள்.

வியாசை_ஸ்ட்ரைக்கர் (ஞாயிறு, இரவு 9:48)
மேட்ச் என்னாச்சு ப்ரோ?

பெரம்பூர்_ப்ளக்பாயின்ட் (செவ்வாய், காலை 7:15)
கீ சரியாச்சு, நல்லது. ஆனா கேபினட் சுள்ளுன்னு இருக்குன்னு சொன்னியே, அது இன்னும் அப்படியேதானே இருக்கும்? வீட்டுல எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கீங்க, ஈரக் காலோட யாராச்சும் தொடுவாங்க. தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு எர்த் வருதான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லு. பண்ணிட்டு இங்க ஒரு வார்த்தை போடு.