கேமனுக்கு மட்டும் ஏன் 10 குதிரை குறைச்சல்?

செம்பவாங்_சாரதி:
பக்கத்து இழையில் ஒருவர், "போர்ஷே கேமன், 911 வாங்க வக்கில்லாதவன் வாங்குகிற வண்டி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டுமே போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான், 911 மேலே, கேமன் கீழே. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கேமனை அந்த இடத்தில் உட்கார வைத்தது வாங்கினவன் இல்லை, போர்ஷே. எஞ்சின் நடுவில் இருக்கிற வண்டி, வளைவில் திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி, விட்டால் 911-ஐ முந்திவிடும் என்று தெரிந்துதான் 2005-லிருந்து அதை ஒரு படி கீழேயே வைத்திருக்கிறார்கள். ஒரே உதாரணம் போதும். 2021-ல் வந்த கேமன் ஜிடி4 ஆர்எஸ். 911 ஜிடி3-யின் அதே 4.0 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு அதே 9,000 சுற்று. ஜிடி3-க்கு 510 குதிரைத்திறன், கேமனுக்கு 500. அந்த 10 எங்கே போச்சு?

கிளட்ச்_மிதி:
எக்ஸாஸ்ட்டில் போச்சு. ஜிடி3-ல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, புகைக்குழாய் குட்டை. கேமனில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அதையும் தாண்டிக் குழாய் வெளியே வரவேண்டும். குழாய் நீண்டால் எதிரழுத்தம் கூடும், திறன் குறையும். சதியெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணே.

செம்பவாங்_சாரதி:
குழாய், குழாய். சரி, 2015-ல் வந்த முதல் கேமன் ஜிடி4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 911 கரேரா எஸ்-இன் 3.8 லிட்டர் எஞ்சின். அங்கே 400, இங்கே 385. அப்போது 15, அப்புறம் 10, குறைச்சல் எப்போதும் கேமனுக்குத்தான், ஒரு தடவையாவது திசை மாறியிருக்கிறதா? இன்னொன்று. அதே 911 ஜிடி3-க்கு முன்சக்கரத்தில் டபுள் விஷ்போன் என்கிற உயர்ந்த வகை சஸ்பென்ஷன் கொடுத்தார்கள், கேமன் ஜிடி4 ஆர்எஸ்-க்கு ஸ்ட்ரட் என்கிற எளிய வகைதான். அதற்கும் புகைக்குழாய் நீளமா காரணம்?

கிளட்ச்_மிதி:
திசை மாறியிருக்கிறது. 2020-ல் கேமன் ஜிடிஎஸ் 4.0-க்கு 400 குதிரைத்திறன் கொடுத்தார்கள். அதே நேரத்தில் விற்ற 911 கரேராவுக்கு 385. கீழே இருக்கிற வண்டி மேலே இருக்கிற வண்டியைத் தாண்டிவிட்டதே, அதை ஏன் சொல்லவில்லை? உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்குவது டயர் இழையிலிருந்தே உங்கள் பழக்கம்.

செம்பவாங்_சாரதி:
டயர் இழையை இங்கே இழுக்க வேண்டாம், அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாரும் பார்த்தார்கள். கரேராவின் முறுக்குவிசை 450 நியூட்டன் மீட்டர், கியரைக் கையால் மாற்றும் ஜிடிஎஸ்-க்கு 420. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நான் கேட்டது ஜிடி4 ஆர்எஸ்-இன் 10. அதற்கு வாருங்கள்.

ஈசூன்_86:
ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்தச் சண்டையே வராது. செவர்லேயைப் பாருங்கள், கார்வெட்டுக்கு மேலே அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை, அதனால் 2020 மாடலில் எஞ்சினைத் தைரியமாக நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். நிசானும் ஜிடி-ஆரை யாருக்காகவும் அடக்கி வைக்கவில்லை. போர்ஷேக்கு இரண்டு இருக்கிறது, அதனால் கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. கோடு கிழிப்பதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

கிளட்ச்_மிதி:
டொயோட்டாக்காரர் இதில் ஏன் வருகிறார்? உங்கள் டொயோட்டா சுப்ராவில் இருப்பது பிஎம்டபிள்யூ எஞ்சின்.

ஈசூன்_86:
நான் ஓட்டுவது டொயோட்டா 86. அதில் இருப்பது சுபாரு எஞ்சின், அதில் எனக்குப் பெருமைதான். சுப்ராவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளட்ச்_மிதி:
சரி விடுங்கள். அண்ணனுக்குத்தான் கேள்வி. ஆடி ஆர்8 வி10 பிளஸ், லம்போர்கினி ஹுராகான் எல்பி 610-4, இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமம், அதே 5.2 லிட்டர் எஞ்சின், இரண்டுக்கும் 610 குதிரைத்திறன். மேலே கீழே என்று அமுக்குகிறவர்கள் அங்கே ஏன் அமுக்கவில்லை? ஏனென்றால் இரண்டிலும் எஞ்சின் இருக்கும் இடம் ஒன்று. இடம் மாறினால் குழாய் மாறும், குழாய் மாறினால் எண் மாறும்.

செம்பவாங்_சாரதி:
ஆடி வேறு பெயர், லம்போர்கினி வேறு பெயர், வாங்க வருகிறவனும் வேறு. ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போதுதான் அண்ணன் சாப்பிட்டது போகத்தான் தம்பிக்கு என்று ஆகும். எஞ்சினின் எண் தானாக அமைகிறது என்று சிங்கப்பூரில் இருந்துகொண்டு சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். 2014-ல் கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ சான்றிதழின் ஏ பிரிவுக்கு, அதாவது சின்னக் கார்களுக்கு, 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன் என்று வரம்பு வந்தது. அதற்குள் அடங்குகிற மாதிரி திறனைக் குறைத்துக் கார்களைக் கொண்டுவந்து விற்கிறார்களா இல்லையா? எந்தக் குழாய் நீண்டது அங்கே? விற்க வேண்டிய இடத்துக்கு ஏற்ப எண்ணை வைக்கிறார்கள். கேமனிலும் அதேதான். ஜிடி4 ஆர்எஸ்-ஐ ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். பின்பக்கச் சின்ன ஜன்னல் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் காற்று உறிஞ்சும் துளைகளை வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவரின் காதுக்குப் பின்னாலேயே எஞ்சின் மூச்சு இழுக்கிறது. அவ்வளவு தூரம் மெனக்கெட்டவர்களுக்கு 10 குதிரையை மீட்கத் தெரியாதா?

தேக்கா_அங்கிள்:
தம்பிகளா, கொஞ்சம் பொறுங்கள். 911-ஐ ஓரங்கட்டத்தான் போர்ஷே 1977-ல் 928-ஐக் கொண்டுவந்தது. முன்னால் வி8 எஞ்சின், சொகுசு, எல்லாம் இருந்தது. 1995-ல் 928 நின்றுவிட்டது, 911 இன்றைக்கும் ஓடுகிறது. 911-ஐ மேலே வைத்தது நிறுவனம் இல்லை, வாங்கினவர்கள். அப்புறம், விரைவுச்சாலையிலேயே மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத ஊரில், வண்டியின் 80,000 வெள்ளியைத் தாண்டிய மதிப்புக்கு 320 விழுக்காடு ஏஆர்எஃப் என்கிற பதிவுக் கட்டணம் கட்டுகிற ஊரில், 10 குதிரைக்கு இவ்வளவு சத்தமா?

செம்பவாங்_சாரதி:
அங்கிள், மரியாதையோடு சொல்கிறேன், இங்கே 90 என்றால் துவாஸ் எல்லையைத் தாண்டினால் மலேசியாவில் செபாங் பந்தயத் தடம் இருக்கிறது. வண்டியை பிளாக்குக்குக் கீழே நிறுத்தி வைத்துத் துடைப்பதற்கு யாரும் ஜிடி4 ஆர்எஸ் வாங்குவதில்லை. 928 கதையும் என் பக்கம்தான் பேசுகிறது. ஒருமுறை சூடுபட்டார்கள், அதற்குப் பிறகு 911-க்குப் பக்கத்தில் எதையும் வளர விடுவதில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் போர்ஷேயே வெளியிட்ட நேரம், 20.8 கிலோமீட்டர் சுற்றுக்கு ஜிடி3 6 நிமிடம் 59.9 நொடி, ஜிடி4 ஆர்எஸ் 7 நிமிடம் 9.3 நொடி. வரிசை கலையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

கிளட்ச்_மிதி:
10 குதிரையால் 9 நொடி வராது. நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துவிட்டீர்கள்.

செம்பவாங்_சாரதி:
10-உம் ஸ்ட்ரட்டும் சேர்ந்து வரும். மேலே எழுதியிருக்கிறேன், முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஈசூன்_86:
ஜிடி4 ஆர்எஸ்-இல் கையால் மாற்றும் கியரே கிடையாது, தானாக மாறும் பிடிகே மட்டும்தான். ஜிடி3-ல் இரண்டும் உண்டு. ஓட்டுகிறவனுக்கு 10 குதிரையைவிட இதுதான் பெரிய நஷ்டம். இதை ஒருவரும் பேசவில்லை.

செம்பவாங்_சாரதி:
அதையும் பறித்துக்கொண்டார்கள், அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!

கிளட்ச்_மிதி:
முதலிலிருந்து நீங்கள் சொன்னது 10. கியரைப் பற்றி ஈசூன்தான் சொன்னார். அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன்.