விண்டோஸ் ஏற்காத ஃபைல் பெயர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாண்டியிலிருந்து:
நேரு வீதிப் பக்கம் ஒரு அழைப்பிதழ் கடையில் கம்ப்யூட்டர் வேலை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே எல்லா ஃபைலுக்கும் பார்ட்டியின் இனிஷியல்தான் பெயர். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் டிசைன் செய்யும் பெண்ணிடமிருந்து போன். "அண்ணா, ஒரே ஒரு கார்டு மட்டும் சேவ் ஆக மாட்டேங்குது. வைரஸா?" போய்ப் பார்த்தால், கல்யாண வீட்டுக்காரர் இனிஷியல் பி.ஆர்.என்.! 'இந்தப் பெயர் விண்டோஸுக்கு ஒதுக்கப்பட்டது' என்று திரையில் நிற்கிறது. கடைசியில் டாட் போட்டு எதைச் சேர்த்தாலும் அதே பதில். முன்னால் 'கல்யாணம்' என்று சேர்த்ததும் சேவ் ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "என் பேர்ல என்னப்பா குத்தம்?" என்றார்.

குற்றம் 1981-இல் இருக்கிறது. விண்டோஸுக்கு முன்பிருந்த டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. கருவிகளுக்கும் ஃபைல் போலவே பெயர் வைத்திருந்தார்கள். பிஆர்என் என்றால் பிரிண்டர், கான் என்றால் கீபோர்டும் திரையும், நல் என்றால் போட்டதையெல்லாம் விழுங்கும் குழி. இந்த வழக்கமே அதற்கு முந்தைய சிபி/எம் (CP/M) என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. 1983-இல் ஃபோல்டர் வந்தபோது, பழைய புரோகிராம்கள் படுத்துவிடக் கூடாதே என்று எல்லா ஃபோல்டரிலும் இந்தப் பெயர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரின் போர்ட்டுகளுக்கான காம்1, எல்பிடி1 வரிசையும் இதே கதைதான்.

கடலூர் சிப்காட்டிலிருந்து:
எங்களுக்கு வந்தது ஆக்ஸ் (AUX), அதுவும் அதே ஒதுக்கப்பட்ட பெயர்களில் ஒன்று. ஆக்ஸிலரி பாய்லர் ரிப்போர்ட்டுகளை லினக்ஸ் மெஷினில் 'ஆக்ஸ்' ஃபோல்டரில் போட்டு, பென்டிரைவில் கொடுத்துவிட்டார்கள். லினக்ஸுக்கு அது வெறும் பெயர். விண்டோஸில் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் திறக்காது, அழியாது. பென்டிரைவையே ஃபார்மட் பண்ணலாம் என்று கிளம்பிவிட்டார் ஷிப்ட் இன்சார்ஜ். நல்லவேளை, அதற்குள் தடுத்துவிட்டோம். லினக்ஸிலேயே திரும்பச் செருகிப் பெயரை மாற்றினால் முடிந்தது. விண்டோஸிலேயே அழிக்க வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்டில் முழுப் பாதைக்கு முன்னால் \\?\ சேர்த்துக் கொடுங்கள், போய்விடும்.

புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஆக்ஸ் டாட் சி என்று ஒரு ஃபைல் இருந்தாலும், அதை விண்டோஸில் இறக்கி எடுக்கும் செக்அவுட் நின்றுவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே அப்படி ஒன்று இருக்கிறது!

கடலூர் முதுநகரிலிருந்து:
கான் ஃபோல்டரை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், பில் கேட்ஸே முழித்தார் என்று அந்தக் காலத்தில் ஃபார்வர்டு மெயில் வருமே, அது சுத்தப் புருடா. நிஜத்தில் நடந்தது அதைவிட மோசம்: விண்டோஸ் 98-இல் கான்\கான் என்று அடித்தாலே நீலத் திரைதான், கம்ப்யூட்டரே படுத்துவிடும். 2000 மார்ச்சில்தான் அதற்குப் பேட்ச் வந்தது.