25 நாள் குஞ்சுகளை இந்த மழையில் வெளிக்கூண்டுக்கு மாற்றலாமா?

கொண்டைச்சேவல் கேட்டது:
சிங்கப்பூரில் தரைவீடு. 8 நாட்டுக்கோழிக் குஞ்சுகள், இன்றோடு 25 நாள். படிப்பறையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மேலே சூடு தரும் 60 வாட் செராமிக் பல்ப். இறக்கையில் இறகு வந்துவிட்டது. முதுகிலும் கழுத்திலும் இன்னும் பஞ்சுதான். தூசியும் வாடையும் தாங்கவில்லை, டிசம்பர் மழையும் விட்டபாடில்லை. பின்கட்டில் பழைய 3 பெட்டைகள் இருக்கும் கூண்டிலேயே விடலாமா? 2 மீட்டருக்கு 1 மீட்டர், அறுகோணக் கம்பி வலை, தகரக் கூரை. பல்ப்பும் வேண்டுமா?

ஈரமண்:
முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் நாலாம் வாரம் 26 போதும். நம்ம ஊர் இரவு பெரும்பாலும் 24, 25. அடைமழை நாளில் 22க்கும் இறங்கும். ஆக, காய்ந்த குஞ்சுக்குக் குளிர் பெரிய பிரச்சினை இல்லை. நனைந்தால்தான் ஆபத்து: பஞ்சுக்குள் இருக்கும் காற்று போய்விட்டால் 26 டிகிரியிலேயே விறைத்துவிடும்.

இன்றிலிருந்து பகலில் பல்ப்பை அணைங்க, இரவில் மட்டும் போடுங்க. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். வாயைத் திறந்து இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு. 4 நாள் சரியாகப் போனால், மழை இல்லாத காலையில் 1 மணி நேரம் வெளியே. தினமும் கொஞ்சம் கூட்டுங்க. பிற்பகல் மழைக்கு முன் உள்ளே வந்துவிடணும்.

முதுகு முழுக்க இறகு மூடிய பிறகுதான் இரவுத் தங்கல், 5 அல்லது 6 வாரத்தில். அப்போது பல்ப் தேவையில்லை. முதல் சில இரவு மூலையில் குவிந்து, அடியில் மாட்டியது மூச்சுத்திணறிச் சாகும். மூலைகளை அட்டை வளைத்து அடைச்சிடுங்க. தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுங்க, இல்லாவிட்டால் வெயில் நாளில் அடுப்புதான்.

கம்பிவலை:
அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. குட்டி மலைப்பாம்புக்கும் அந்த ஓட்டை வாசல்தான். அரை அங்குலச் சதுர வலை வாங்கி, ஸ்டேப்ளர் முள்ளுக்குப் பதில் ஸ்குரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்க. உடும்பு தோண்டும், அடியில் சுற்றிலும் 30 செ.மீ. வலையை வெளிப்பக்கம் மடித்துப் பரப்பி, மேலே கல் வைங்க. தீவனத் தட்டு இரவில் கூண்டில் இருக்கவே கூடாது. தண்ணீரை தினமும் மாற்றுங்க: டெங்கி ஒருபக்கம், கோழி அம்மையைப் பரப்புவதும் கொசுதான்.

இன்னொன்று. தனியார் வீட்டில் 10 கோழிதான் உச்சம், அதுவும் வெளிப்பறவை நுழையாத வலைக்குள். (வீவக அடுக்குமாடி வீட்டில் ஒன்றுகூட முடியாது.) 8ம் 3ம் எத்தனை? பாதி சேவலாகப் போனால் விடியற்காலையில் பக்கத்து வீடும் கணக்குக் கேட்கும்.

ஈரமண்:
11ஐ நானும் கவனிக்கவில்லை!

உமிமூட்டை:
பெட்டைகளோடு இப்போது சேர்க்காதீங்க. கொத்துவது மட்டுமில்லை, அவற்றின் எச்சத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கலாம். பெரிய கோழி அதைத் தாங்கும், குஞ்சு தாங்காது. ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நம்ம ஊர்க் கூளம் அதற்கு நல்ல மெத்தை. நடுவே வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கும்படி சில வாரம் வைங்க. பெட்டைகளின் தீவனமும் குஞ்சுக்கு ஆகாது, அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தரையில் மரச்சீவல் 8 செ.மீ.; கையில் பிடித்தால் கட்டியாகும் இடத்தை அன்றே அள்ளிடுங்க. தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் ஏற்றுங்க, சுற்றிலும் நனையாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நின்றாலோ, எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்க. அவர் ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் மருந்து கொடுத்தால், அது முடியும்வரை பி வைட்டமின் டானிக்கை நிறுத்துங்க. அந்தக் கிருமிக்குத் தயமின் (பி1 வைட்டமின்) கிடைக்காமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை. டானிக் ஊற்றினால் நாமே அதற்குச் சோறு போடுகிறோம்.