ஒரே டோஸ், வேறு வேறு கால் நீளம்

வெள்ளெலி:
வளரும் எலும்பில் கதிர்வீச்சு பற்றி வேலை செய்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். கதிர் பட்ட எலும்பு குட்டையாகும் என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் பெர்தெஸ் 1903இலேயே கோழிக்குஞ்சின் இறக்கையில் காட்டிவிட்டார். நாங்கள் பார்த்தது, அதே கதிரைத் தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை.

பால்குடி மறந்த எலிக்குட்டிகளுக்கு வலது முழங்காலில் மட்டும் கதிர், இடது கால் ஒப்பிடுவதற்கு. சில குட்டிகளுக்கு 17.5 கிரே (உடல் வாங்கும் கதிரின் அலகு) ஒரே தடவையில். மற்றவற்றுக்கு அதே அளவு, சிறு சிறு தவணைகளாக. காலின் நீளம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய இரண்டு வளர்ச்சித் தட்டுகளில்தான் (எலும்பு முனையருகே நீளத்தைக் கூட்டும் குருத்தெலும்புப் பட்டை) கூடுகிறது. அதனால் எக்ஸ்ரேயிலேயே பளிச்சென்று தெரியும்: மொத்தமாக வாங்கிய கால் நன்றாகவே குட்டை. பிரித்து வாங்கியதும் குட்டைதான், ஆனால் அவ்வளவு இல்லை.

நுண்ணோக்கியில், காசு அடுக்கியதுபோல நிற்க வேண்டிய குருத்தெலும்புச் செல்கள் கலைந்து கிடந்தன. நடுநடுவே தப்பிய செல்கள் பெருகித் திட்டுத் திட்டாக. பிரித்துக் கொடுத்தால் பாதிப்பு குறைவது ஏனென்றால், தவணைகளுக்கு இடைப்பட்ட சில மணி நேரத்தில் செல் தன் டிஎன்ஏ உடைவுகளில் பலவற்றைச் சரிசெய்துகொள்கிறது.

தொல்லை எங்கே என்றால், ஒவ்வொரு தவணைக்கும் மயக்க மருந்து. குட்டி சரியாகத் தின்னாது, எடை ஏறாது, அதுவே வளர்ச்சியைக் குறைக்கும். அதனால் கதிர் படாத குட்டிகளுக்கும் அத்தனை முறை மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பற்றி வாய் திறக்காத கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கதிரறை:
நான் குழந்தைகளுக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் பக்கம். வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டிக்கு விலாப்புறத்தில் வழக்கமாக 10.8 கிரே, நாளுக்கு 1.8 வீதம் 6 தவணை. முதுகெலும்பின் ஓரத்தில் கதிர் படுமென்றால் அதன் முழு அகலத்தையும் சேர்த்துக்கொள்வோம். ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் நின்றுவிட்டால் முதுகு கோணிவிடும். “நல்ல எலும்புக்கும் ஏன் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்காத பெற்றோர் அபூர்வம். நியாயமான கேள்விதான்.

நாளுக்கு இரண்டு தவணை என்றால் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் இடையில் குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும். சின்னக் குழந்தைக்கு இரண்டு மயக்கம், இரண்டு பட்டினி. உங்கள் எலிக்குட்டி பிரச்சினையேதான்!

வெள்ளெலி:
சரிதான். அதோடு எலியின் வளர்ச்சித் தட்டு, மனிதருடையதைப் போல அல்லாமல், பருவம் வந்த பிறகும் நெடுநாள் எலும்பாகி மூடாது. ஆகவே எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியது என்ற கணக்கை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது. பட்டினி நேரத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?

கதிரறை:
காலையில் முதல் ஆளாக எடுத்துவிடுவோம். விழித்துத் தெளிந்ததும் சாப்பாடு.