96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால்தான் மிருதங்கம் மிருதங்கமா?

பழைய_நாடா: "44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒலி படிக்கட்டாக உடைகிறது, மிருதங்கத்தின் சாப்பு அடி மொட்டையாகிறது, 96 வேண்டும்" என்று கஞ்சிரா_செல்வன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்கட்டு எங்கே இருக்கிறது? நொடிக்கு 44,100 முறை அலையை அளந்து எடுக்கும் மாதிரிகள் வெறும் புள்ளிகள். வெளியே வரும்போது வடிகட்டி அவற்றை வழவழப்பான அலையாக்கிவிடுகிறது.

கஞ்சிரா_செல்வன்: திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், படிக்கட்டு தெரிகிறது. கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல நீங்கள் யார்?

பழைய_நாடா: 30 வருடமாக ஒலிப்பதிவு செய்பவன். நீங்கள் பார்த்தது மென்பொருள் வரைந்த கோடு. எண்களைத் திரும்ப ஒலியலையாக மாற்றும் கருவியான டிஏசியின் வெளியீட்டில் அலைகாட்டியை மாட்டுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை 44.1இலும் 96இலும் ஒரே வளைவாகத்தான் வரும்.

கஞ்சிரா_செல்வன்: வடிகட்டி இல்லாத டிஏசிகளும் விற்கின்றன. அதில் மாட்டினால் படிக்கட்டு அப்படியே வரும். 44,100 என்ற எண்ணே காதுக்காக மட்டும் பிறந்ததில்லை. டிஜிட்டல் ஒலியைச் சேமித்த வீடியோ நாடாவில் ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு (அரைப் படத்துக்கு) 245 வரி, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள்.

பழைய_நாடா: அச்சாணியைப் பிடுங்கிவிட்டு வண்டி ஓடவில்லை என்கிறீர்கள். எண் எங்கே பிறந்தால் என்ன, அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். மனிதக் காது 20 வரைதான். 2007இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் உயர்தரப் பதிவையும் சிடி தரத்தையும் காதால் பிரித்தறியச் சொல்லி 554 சோதனைகள் செய்தார்கள். வேறுபாட்டைச் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். காசு சுண்டினாலும் அதுதான் விழும்.

தம்பூரா72: பிட் ஆழத்தை, அதாவது ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பதை, யாரும் பேசவில்லையே? மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபல், 24க்கு 144. சென்ற மார்கழியில் ஒரு சபாவில் 16 பிட்டில் மீட்டரை உச்சிக்குத் தள்ளி வைத்திருந்தேன். தனி ஆவர்த்தனத்தின் முதல் கும்கி அடியிலேயே சிவப்பு விளக்கு. கோர்வை முழுவதும் கரகரப்பு. 24 இருந்திருந்தால் அளவைத் தாழ்த்தி வைத்திருப்பேன்.

கஞ்சிரா_செல்வன்: மீட்டர் பார்க்கத் தெரியாதவர் குறுக்கே வர வேண்டாம்.

தம்பூரா72: வயலினுக்கு ரிப்பன் மைக்கே கூடாது என்று போன வருடம் என்னிடம் வம்பிழுத்ததும் நீங்கள்தான். மறக்கவில்லை.

பழைய_நாடா: 24 பிட் வேண்டும், நானும் அதில்தான் பதிகிறேன். கேள்வி அதுவல்ல. படிக்கட்டு எங்கே?

கஞ்சிரா_செல்வன்: 2016இல் ரெய்ஸ் என்ற ஆய்வாளர் இதே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்தபோது சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கூடுதல். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

பழைய_நாடா: அந்த இரண்டு சதவீதத்துக்காகக் கோப்பின் அளவை இரண்டு மடங்காக்கவா? படிக்கட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? இன்றிரவு அலைகாட்டிப் படம் போடுகிறேன்.

கஞ்சிரா_செல்வன்: போடுங்கள். எந்த டிஏசி, எந்த வடிகட்டி என்பதையும் எழுதுங்கள். படிக்கட்டு இருக்கத்தான் செய்கிறது.